ரத்தோட்டை ஏற்றத்தில் எண்ணுக்கு ஒரு ரூபாய்

சென்னையில் மீட்டர் என்பது ஆட்டோவில் இருக்கும் ஓர் அலங்காரப் பொருள். அதைப் பார்த்துக் காசு கொடுத்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. அதனாலோ என்னவோ, இலங்கையிலிருந்து வந்த அந்தக் கடிதத்தை முதலில் நான் நம்பவில்லை.

நான் வேலை பார்த்த மோட்டார் மாத இதழில் ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். பெட்ரோலுக்கு வரி போடுவதை விட்டுவிட்டு, வண்டி ஓடிய தூரத்துக்கு வரி போடலாமா என்று வெளிநாட்டு நிபுணர்கள் யோசிப்பதைப் பற்றியது. மூன்று வாரம் கழித்து மாத்தளையிலிருந்து நீல மையில் பதில் வந்தது. "நிபுணர்கள் யோசிக்கட்டும். எங்கள் மலையில் இரண்டு வருடமாக அப்படித்தான் வாங்குகிறோம். வந்தால் காட்டுகிறேன். சிவபாலன், ஓய்வு பெற்ற நில அளவையாளர்."

ஆசிரியர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "போர்நிறுத்தம் இருக்கும்போதே போய்விட்டு வந்துவிடு" என்றார்.

கண்டியிலிருந்து மாத்தளை வரும் பஸ் மூன்று காவல் அரண்களைக் கடந்தது. மணல் மூட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. உள்ளே ஆள் இல்லை. ஒன்றில் நாய் படுத்திருந்தது. பயணிகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

சிவபாலன் பஸ் நிலையத்தில் நின்றார். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர்கள். இவர் பிறந்தது மாத்தளையில், பேச்சும் மாத்தளைப் பேச்சு. வீட்டின் முன்சுவர் மட்டும் மற்ற சுவர்களைவிடப் புதிதாக இருந்தது. "எண்பத்து மூணு கலவரத்துக்குப் பெறகு கட்டினது" என்று சொல்லிவிட்டு, கை கழுவத் தண்ணீர் காட்டினார்.

சோற்றுக்குப் பலாக்காய்க் கறி, தேங்காய்ப்பாலில் பருப்பு, வல்லாரைச் சம்பல். சாம்பார் இல்லாமல் ஒரு மத்தியான்னம் நிறைவாக முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சாப்பிட்டுக்கொண்டே திட்டத்தை விளக்கினார்.

ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் மலையைத் தாண்டிப் பல்லேகம வரை போகும் சாலை சண்டைக் காலத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மழைக்கு மண் சரியும், சாலையோர வடிகாலான கான் அடைக்கும், கல் பெயரும். அந்த ஏற்றத்தில் வண்டி ஓட்டுகிற பதினொரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். ஆள் வைத்து கான் வெட்டுவது, குழியில் கல் போடுவது சங்கத்தின் வேலை. அதற்குக் காசு எப்படி வாங்குவது என்பதுதான் பிரச்சினை.

"முந்தி எண்ணெயிலதான் வாங்கினோம். ரத்தோட்டையில டீசல், பெட்ரோல் விக்கிற கடையில லீட்டருக்கு இவ்வளவுன்னு சங்கத்துக்குச் சேத்து வெச்சோம். என்ன நடந்திச்சுங்கிறீங்க? எல்லாரும் மாத்தளைக்கு வந்து டாங்கிய நெறப்பிட்டுப் போனாங்க. ஒருத்தர் பெட்ரோல் காரை மண்ணெண்ணெயில ஓட்டினாரு."

"யார் அது?"

அவருடைய மனைவி கமலா குழம்புக் கரண்டியால் கணவரைச் சுட்டிக் காட்டினார்.

அந்தக் கார் ஒரு மொரிஸ் மைனர். அன்று பிற்பகல் அதில்தான் மலை ஏறினோம். ரத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை. சாலையோரக் கற்கள் கிலோமீட்டருக்கு மாறிப் பல வருடமாகியும், அந்த இடத்துக்குப் பெயர் பத்தாம் கட்டைதான். கட்டை என்றால் அவர்களுக்கு மைல். கார் நின்றதும் கடைக்கார அம்மாள், ராஜம்மா, ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, என் மடிக்கு மேலே குனிந்து, மீட்டரைப் படித்தார். அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்.

"ஏறக்குள்ள ஒரு எண், எறங்கக்குள்ள ஒரு எண். கழிச்சா தூரம். எண்ணுக்கு ஒரு ரூவா" என்றார் என்னிடம். "இந்தியாவுல இப்பிடி இல்லீங்களா?"

"இல்லை."

"அப்ப ரோட்டுக்கு யாரு கல்லு போடுறாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். வெறும் தேநீரும் கடித்துக்கொள்ள கித்துள் என்ற பனைவகையின் கருப்பட்டி ஒரு துண்டும் தந்தார்.

மொரிஸ் பாதி ஏற்றத்தில் கொதித்தது. ஓர் ஓடையருகே நிறுத்தித் தகரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். இறங்கி நின்ற நான்கு நிமிடத்தில் என் காலுறைக்குள் இரண்டு அட்டைகள் குடியேறியிருந்தன. சிவபாலன் காரின் பெட்டியிலிருந்து ஒரு சவர்க்காரத் துண்டை, எங்கள் பாஷையில் சோப்பை, எடுத்துத் தேய்த்தார். அட்டைகள் சுருண்டு விழுந்தன. சவர்க்காரத்தின் இந்தப் பயனை எங்கள் ஊர் விளம்பரக்காரர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தொலைக்காட்சிக் கோபுரத்துக்குப் பிரியும் திருப்பத்தில் மூடுபனி எங்களை விழுங்கியது. காரின் மூக்கு தெரியவில்லை. பழக்கத்தின் காரணமாக மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முப்பது வருடப் பத்திரிகை வேலையில் எனக்குத் தங்கிய ஒரே ஒழுக்கம், கண்ணில் படும் எண்களை எழுதி வைப்பது. கடையிலிருந்து திருப்பம் வரை: பத்து.

திரும்பும்போது சிவபாலன் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினார். கார் சத்தமில்லாமல் இறங்கியது. காற்று மட்டும் கேட்டது. நான் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க. இங்க எல்லாரும் இப்பிடித்தான் எறங்குவாங்க. ஒரு சொட்டு எண்ணெய் எரியாது. ஆனா வளைவுக்கு வளைவு பிரேக் புடிச்சு ரோட்டத் தேய்ச்சிட்டுப் போறமே, அதுக்கு எந்த எண்ணெயில வரி வாங்குவீங்க? உங்க வெளிநாட்டு நிபுணருக்கு இத எழுதுங்க."

எழுதினேன், கீழே வந்து கைப்பிடியை விட்ட பிறகு.

அன்று மாலை தேநீருக்கு உட்கார்ந்தபோது ஒன்றை மட்டும் குரல் தாழ்த்திச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வருடக் கூட்டம். ஃபரீத் என்றொருவர் சங்கத்தை விட்டுப் போகப் போகிறார். மலையைத் தாண்டிப் பல்லேகம வரை ஓடும் ஒரே வேன் அவருடையது. கட்டணம் தாங்கவில்லை, கலேவெலவுக்குப் போய்த் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகிறேன் என்கிறார். அங்கே சமதரை, தார்ச்சாலை, சங்கமும் இல்லை. அவர் போனால் அந்தப் பக்கத்து ஆட்கள் மாத்தளைக்கு வர நாள் முழுவதும் சுற்ற வேண்டும்.

"கட்டணத்தைக் குறைக்க முடியாதா?"

"ஒருத்தருக்குக் கொறைச்சா எல்லாருக்கும் கொறைக்கணும். தூரம் ஓடுறவர் கூடக் கட்டத்தான் வேணும். அதுதானே திட்டமே." பேனாவைத் திறந்து மூடினார். "நல்ல மனுசன். ஆனா கணக்கு கணக்குத்தானே."

மறுநாள் காலை ஃபரீதின் வேனில் ஏறினேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய வேன். எட்டு மாதத்துக்கு முன் வாங்கியது. அதற்கு முன் அவரிடம் இருந்தது ஓர் இங்கிலாந்து ஜீப். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, ஓயாத வாய். முன் இருக்கையில் எனக்கும் அவருக்கும் நடுவே பல்லேகம கிளினிக்குக்குப் போகும் சிங்கள மருத்துவிச்சி. எல்லோருக்கும் அவர் "மிஸ்ஸி". மடியில் தடுப்பூசிப் பெட்டி. பின்னால் பதினான்கு பேர், ஒரு மூட்டை பாண் ரொட்டி, இரண்டு கோழி.

ராஜம்மா தலையை உள்ளே விட்டு எண்ணைப் படித்தார். "ஃபரீத் நானாவோட வண்டி கல்யாணப் பொண்ணு மாதிரி. எண்ணெல்லாம் பளபளன்னு தெரியுது."

"எழுதுங்க, எழுதுங்க. இன்னும் ஒரு நாளைக்குத்தானே எழுதப் போறீங்க" என்றார் ஃபரீத்.

ராஜம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சுண்ணாம்புக் கட்டி பலகையில் கீறிய சத்தம் எனக்குக் கேட்டது.

வேன் மொரிஸைவிட நன்றாக ஏறியது. வழி முழுவதும் மருத்துவிச்சி ஃபரீதைச் சிங்களத்தில் துளைத்தெடுத்தார். ஃபரீத் எனக்கு மொழிபெயர்த்தார். "நான் போனா இந்த மருந்துப் பெட்டிய யாரு கொண்டு போறதுன்னு கேக்குறாங்க. கழுத மேல ஏத்துங்கன்னு சொன்னேன். அப்ப நீயே வாடான்னு சொல்றாங்க."

மருத்துவிச்சி சிரிக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபுரத் திருப்பத்தில் பனி இல்லை. அன்றைக்கு மலைக்கு அப்பால் லக்கலப் பக்கத்து வயல்கள்கூடத் தெரிந்தன. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இறக்கம். இறக்கம் என்பதைவிட உதறல் என்பதே சரி. சங்கத்தின் கல் திருப்பத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஓடுகிறவர் ஃபரீத் ஒருவர் என்பதால் அங்கே யாரும் கான் வெட்டவில்லை. கோழிகள் ஒவ்வொரு குழிக்கும் கருத்துச் சொல்லின.

பல்லேகமவில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்டேன். சட்டியின் அடியில் கரண்டி தட்டியபோதுதான் நிறுத்தினேன். கடைக்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், ஃபரீதின் மொழிபெயர்ப்பு: "இந்தியாவுல மாடே இல்லையான்னு கேக்குறாரு."

திரும்பும் வழியில் குறிப்பேட்டைப் புரட்டினேன். நேற்று, கடையிலிருந்து திருப்பம் வரை பத்து. இன்று, கடையிலிருந்து திருப்பம் வரை பதினாறு. முதலில் என் கையெழுத்தைச் சந்தேகித்தேன். அதே கடை, அதே திருப்பம். குறுக்குவழிக்கு இடமில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தேன். முள்ளுக்குக் கீழே பொடி எழுத்தில் கிலோமீட்டர் என்று இருந்தது. மொரிஸின் மீட்டரில் மைல் என்று இருந்ததும் நினைவுக்கு வந்தது.

"ஃபரீத் பாய், சங்கத்தில் மற்ற பத்து வண்டியும் என்ன வண்டி?"

"எல்லாம் வெள்ளக்காரன் காலத்துச் சாமான் சேர். மொரிஸ், ஒஸ்டின், லாண்ட்ரோவர். ஏன் கேக்குறீங்க?"

"அவற்றில் ஓடுவது மைல். இதில் ஓடுவது கிலோமீட்டர்."

"ஓ, அது தெரியுமே. அதுக்கென்ன இப்…"

வேன் வளைவின் நடுவில் நின்றது. பின்னால் யாரோ யார் மேலோ விழுந்தார்கள். ஃபரீத் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்தார்.

"எட்டு மாசம்" என்றார் மெல்ல. "புது வண்டி எடுத்தா செலவு கூடத்தான் செய்யும்னு நெனச்சேன். ஜீப்புல ஓடினதும் இதே ரோடுதானேன்னு ஒரு நாளும் யோசிக்கல சேர்."

பிறகு திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் கோபமாக மாறுவதையும் பார்த்தேன். வண்டியைக் கிளப்பினார். கடையை நெருங்கும்போது சொன்னார்: "சர்வேயர் ஐயாட்ட இத நான் போய்ச் சொன்னா சண்ட. நீங்க சொன்னா கணக்கு. நீங்களே சொல்லுங்க."

வெயில் சாய்வதற்குள் சிவபாலனிடம் இரண்டு எண்களையும் காட்டினேன். இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு முறைதான் பார்த்தார். அளவைக்காரருக்கு அது போதும்.

"இந்த மாவட்டத்துக் காணியெல்லாம் ஏக்கர் பேர்ச்சஸ்ல இருந்து ஹெக்டேருக்கு மாத்தினவன் நான்" என்றார். "சங்கிலிக் கணக்க மீட்டராக்கினவன். முப்பது வருசம் அதான் வேல. ஒரு வேனைப் பாக்கத் தெரியல."

"விதி எழுதும்போது எல்லா வண்டியும் மைல்தானே ஓடியது."

"எழுதினது சரி. பெறகு யாரும் திருப்பிப் படிக்கல. நானும்தான்." குறிப்பேட்டை மூடி என்னிடம் தந்தார். அவருடைய கவலை எனக்குத் தெரிந்தது. திட்டத்தில் ஓட்டை என்று தெரிந்தால், கூட்டம் மறுபடி எண்ணெய்க்கே திரும்பும். அப்புறம் மாத்தளையில் நிறைந்த டாங்கிகள், மண்ணெண்ணெய், அடைத்த கான். வாயை மூடிக்கொண்டால் ஃபரீத் போய்விடுவார், திட்டம் பிழைக்கும்.

கமலா இடியப்பத் தட்டைத் திரும்ப அவர் முன்னால் நகர்த்தினார். "சாப்பிட்டுட்டு எழுதுங்க. நாளைக்குப் படிக்க ஏதாவது வேணும்ல."

கூட்டம் ராஜம்மாவின் கடையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பதினொரு உறுப்பினர், எட்டு பெஞ்சு, நான் ஒரு பால்பொடித் தகரத்தின் மேல். ஃபரீத் வாசலை ஒட்டி நின்றார், உட்காரவில்லை. மருத்துவிச்சி உறுப்பினர் அல்ல. ஆனாலும் வந்து கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். எழுப்ப யாருக்கும் தைரியமில்லை.

சிவபாலன் எழுந்து, முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், சுற்றி வளைக்காமல் சொன்னார். பிழை நடந்திருக்கிறது. பிழை என்னுடையது. மற்றவர்கள் ஐந்து எண்ணுக்குக் கட்டிய இடத்தில் ஃபரீத் எட்டு எண்ணுக்குக் கட்டியிருக்கிறார்.

ராஜம்மா தேநீர்க் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"எனக்கும் அது மனசுல பட்டுச்சு" என்றார் ராஜம்மா. "நானா எண்ணு மட்டும் ஏன் இப்பிடி ஓடுதுன்னு. புது வண்டி, வேகமாப் போகுது, அதான் எண்ணும் வேகமா ஓடுதாக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

முதலில் சிரித்தவர் ஃபரீத். பிறகு கடையே சிரித்தது. லாரி வைத்திருக்கும் குணபால முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதை சிவபாலன் எனக்குத் தமிழில் சொன்னார்: "அப்போதே சொன்னேன். மீட்டர் ஏமாற்றும். எண்ணெய் பொய் சொல்லாது. எண்ணெய்க்கே போவோம்."

ராஜம்மா அவருக்குச் சிங்களத்திலேயே பதில் கொடுத்தார். கேட்டவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். மொழிபெயர்ப்பு: "எண்ணெய் பொய் சொல்லாது முதலாளி. மாத்தளையில் டாங்கியை நிரப்பிவிட்டு வருகிறவர்தான் சொல்வார்."

சிவபாலன் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். இரவெல்லாம் விழித்திருந்து எழுதியிருந்தார்: ஒரு பக்கம் மைல், மறுபக்கம் கிலோமீட்டர், ஒன்றிலிருந்து இருநூறு வரை. இனி விலை கிலோமீட்டருக்கு, எட்டு கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். மைல் வண்டிக்காரர்கள் அட்டையைப் பார்த்து மாற்றிக் கட்ட வேண்டும். அவர்கள் கட்டும் தொகை மாறாது, ஃபரீதுடையது மட்டும் குறையும். கூடுதலாக வாங்கிய பணம் அவருக்குத் திரும்பக் கொடுக்கப்படும்.

"சங்கப் பெட்டியில இருக்கா அவ்வளவு காசு?" என்று யாரோ கேட்டார்.

"இல்ல" என்றார் சிவபாலன். "கல்லுக்குக் குடுத்தாச்சு. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தரலாம்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். ஃபரீத் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி வைத்துக்கொண்டார்.

"எனக்கு காசு வேணாம்" என்றார். "எட்டு மாசமா ஓடாத தூரத்துக்கெல்லாம் கட்டியிருக்கேன். அந்தத் தூரத்த எனக்கு ரோடாத் தாங்க. கோபுரத் திருப்பத்துல நிக்குற கல்ல அந்தப் பக்கம் எறக்குங்க. பல்லேகமப் பக்கம். எனக்கு வர வேண்டிய காசு தீரும் வரைக்கும் போடுங்க. கல்லு எறங்கினா நான் ஏன் கலேவெலவுக்குப் போறேன்? அங்க மரக்கறி பேசவா போகுது?"

குணபால முதலாளி தாடையைச் சொறிந்தார். அந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மருத்துவிச்சி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவர் முகம் சிவந்தது. பிறகு எனக்குத் தெரிய வந்தது: "உன் மகளின் பிள்ளைகள் மூன்றையும் யார் கையில் ஏந்தினது?" மகளைக் கட்டிக் கொடுத்தது பல்லேகமவில்.

கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது கைகள். பத்தாவதாகக் குணபாலவின் கை, காதுவரைக்கும் மட்டும். ஃபரீத் தன் காரியத்துக்குத் தானே கை தூக்குவது முறையல்ல என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை, ஊர் திரும்ப பஸ்ஸுக்குப் போகும் முன் ராஜம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மாலு பாண் ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். மீன் வைத்த ரொட்டி, சூடு குறையாமல் இருந்தது. புதிய அட்டை கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது.

குணபாலவின் லாரி கடைவாசலில் நின்றது. நிறையக் கருங்கல். ராஜம்மா ஏறிப் போய் எண்ணைப் படித்தார். பின்னால் ஃபரீதின் வேன் வந்து நின்றது. முன் இருக்கையில் மருத்துவிச்சி, மடியில் பெட்டி. லாரி முனகிக்கொண்டு ஏற்றத்தில் நகரத் தொடங்கியது. நடந்து போகிறவர் அதை முந்திவிடலாம். சாலையில் ஒதுங்க இடமில்லை.

மருத்துவிச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹார்ன் அடியுங்கள், கிளினிக் தொடங்கும் நேரமாகிறது என்றார்.

ஃபரீத் கையை ஹார்னிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிங்களத்தில் அவர் சொன்னது எனக்கே புரிந்தது. மூன்று நாளில் அந்த அளவு வந்திருந்தது.

"விடுங்க மிஸ்ஸி. முன்னால போறது என் கல்லு."